புது வைனுக்கு நல்ல நேரம்

செப்டம்பரில் பறித்த திராட்சை நவம்பரில் போத்தலில் வந்துவிடும். பிரான்சின் போஜோலே பகுதியில் ஆண்டுதோறும் செய்யப்படும் புது வைன் அது. நவம்பரின் மூன்றாவது வியாழக்கிழமைதான் விற்பனைக்கு விடுவார்கள். வைன் அறிந்தவர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. முதிரப் பொறுமை இல்லாத பானம் என்பார்கள். எனக்கும் என் கணவருக்கும் அது பிடித்திருந்தது. மெல்லிய சிவப்பு, கொஞ்சம் புளிப்பு, மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழத்தை நினைவூட்டும் ஒரு வாசனை.

ஆங்கில மண்ணில் டூட்டிங் என்ற இடத்தில், ஒரு மளிகைக்கடையின் மேல்மாடி அறையில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அந்தப் பழக்கம் தொடங்கியது. கணவர் அப்போது ஒரு வைன் கடையின் களஞ்சிய அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நவம்பரில் முதலாளி ஆளுக்கொரு போத்தல் கொடுத்துவிட்டார். எங்களிடம் கண்ணாடிக் கிண்ணம் இல்லை. தேநீர்க் கோப்பையில் குடித்தோம். இரண்டாவது கோப்பையில் என் கணவர் பேசத் தொடங்கினார்.

அதன் பெறுமதியை விளக்க வேண்டும். என் கணவர் "ஓம்", "இல்லை", "பாப்பம்" என்ற மூன்று சொற்களால் ஓர் ஆண்டை நடத்தி முடிக்கக்கூடியவர். கோபத்தினால் அல்ல; மற்றவர்களுக்குப் பேச்சு இருக்கும் இடத்தில் அவருக்கு ஒரு தலையசைப்பு இருந்தது. அந்த ஒரு மாலையில் மட்டும் அவர் கதைகள் சொன்னார். பூங்காவில் ஓர் அன்னம் தன்னைப் பேருந்துத் தரிப்பிடம் வரை துரத்தி வந்து, தானும் வரிசையில் நின்றதை ஒரு மணிநேரம் சொன்னார். அடுத்த நவம்பரில் வேறொன்று. நாங்கள் ஹரோவுக்கு வீடு மாறிய பின்பும் வழக்கம் மாறவில்லை. வியாழக்கிழமை வேலையால் திரும்பும் வழியில் நான் போத்தலை வாங்கி வருவேன். வெள்ளிக்கிழமை மாலை, மீன், இறைச்சி என்று மச்சமில்லாத நாளாகையால் சீஸும் பொரித்த கஜு முந்திரியும் வைத்துக்கொண்டு, திறப்போம். ஆண்டு முழுவதும் நான் பொறுமையாக இருந்தேன் என்று பிறர் சொல்வதுண்டு. எனக்கு நவம்பர் இருந்தது.

பிறகு மாமா எங்களோடு வசிக்க வந்தார். என் கணவரின் தகப்பன். ஓய்வுபெற்ற நில அளவையாளர். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொடாதவர். அந்த ஆண்டு நான் போத்தலை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எங்கள் வீட்டில் சோற்றுக்கு அரிசி அளப்பது மாமா என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன்.

"இது என்ன பிள்ளை?"

"வைன், மாமா. புதுசு."

"இந்த வருசத்து விளைச்சலோ?"

"ஓம், மாமா."

அவர் கனடாவில் இருக்கும் மகளிடம் போய்விடப்போவதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப ஏன் இது அரிசிக்குப் பின்னாலை கிடக்குது? புது விளைச்சலை இப்பிடியோ வைக்கிறது? புதிர் எடுக்க வேணுமெல்லே!"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் புது நெல்லின் முதல் அரிசியை எடுத்த எடுப்பில் சமைத்துவிடுவதில்லை. நல்ல நேரம் பார்த்து, பிள்ளையாருக்குப் படைத்து, வீட்டார் அனைவரும் முதற்கவளம் உண்பார்கள். அதைத்தான் புதிர் எடுத்தல் என்போம். பிரெஞ்சு வைனுக்கு அது பொருந்தும் என்று அதுவரை எவருக்கும் தோன்றியிருக்காது.

"மாமா, இது மதுவெல்லே?"

"குடிக்கிறது வேறை பிள்ளை, புதிர் எடுக்கிறது வேறை."

நேரம் வெள்ளிக்கிழமை மாலைக்கு விழுந்தது. சமையலறை மேசையில் வாழையிலை, மஞ்சளில் பிடித்த பிள்ளையார், வெற்றிலை, போத்தலின் கழுத்தில் சந்தனமும் குங்குமமும். கிழக்கு நோக்கி நின்று அருந்த வேண்டும் என்றார் மாமா. எங்கள் வீட்டில் கிழக்கு என்பது பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாளின் சமையலறை ஜன்னல். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தகப்பனுக்கு முன்னால் சத்தமாகத் தும்மவும் தயங்குகிற என் கணவர், இருமல் மருந்தைப் போல ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, அந்த அம்மாளைப் பார்த்தபடி நின்றார்.

"எப்பிடி?" என்றார் மாமா.

"பரவாயில்லை."

அதோடு அந்த ஆண்டின் பேச்சு முடிந்தது. மாமா படையலுக்குக் காவலாக எங்கள் இருவருக்கும் நடுவில் தேவாரம் பாடிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு கோயிலில் செய்தி பரவிவிட்டது. மாமாவின் நண்பர்கள் குளிருடுப்பின் மேல் வேட்டியும் வேட்டியின் மேல் சால்வையுமாக மெட்ரோபொலிட்டன் ரயிலில் வந்து இறங்கினார்கள். ஒருவரும் குடிப்பவர் அல்லர். கிண்ணத்தைக் கைமாற்றி, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு முகர்ந்தார்கள்.

"இது கதலி வாழைப்பழ வாசம்," என்றார் மாமா.

"உமக்கு மூக்கு அடைச்சுக் கிடக்குது காணும். இது இதரை."

"இதரைக்கு இந்த இனிப்பு வராது. நீர் இதரையைக் கண்டு எத்தினை வருசம்?"

"போன வருசத்தைவிட நிறம் மட்டு," என்றார், போன வருடம் வந்தேயிராத ஒருவர்.

குடிக்கும் கடமை எனக்கும் கணவருக்கும் மட்டுமே இருந்தது. அத்தனை கண்களுக்கும் முன்னால், பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல, கிழக்கு நோக்கிக் குடித்தோம். ஜன்னலுக்கு அப்பால் அந்த அம்மாள் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். விருந்தினர் போன பின் நான் மீதியை ஊற்றி நீட்டினேன். கணவர் மாடிப்பக்கம் பார்த்துவிட்டு, "அப்பா முழிச்சிருக்கிறார்," என்றார். அன்று அவர் சொன்ன ஒரே வாக்கியம் அது.

இரண்டு நவம்பர்கள் அப்படிப் போயின. மூன்றாவதும் போனால், அந்தப் பேச்சு எங்கே இருந்தது என்பதை என் கணவரே மறந்துவிடுவார் என்று நான் அஞ்சினேன்.

மூன்றாம் ஆண்டு பஞ்சாங்கச் சண்டை வந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு: வாக்கியம், திருக்கணிதம். திதி தொடங்குவதிலும் முடிவதிலும் இரண்டுக்கும் சில மணித்தியால வேறுபாடு வரும்; அந்தச் சில மணித்தியாலங்களுக்காகச் சம்பந்தங்கள் குழம்பியிருக்கின்றன. மாமா அசைக்க முடியாத வாக்கியக்காரர். அவருடைய நெருங்கிய நண்பர், இதரை என்று வாதாடியவர், திருக்கணிதக்காரர். மாமாவின் கணக்கில் நேரம் வெள்ளி மாலை. நண்பரின் கணக்கில் வெள்ளி விடியுமுன். தொலைபேசியை மாமா எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டே பேசுவார். ஆகவே ஒரு வாரம் முழுவதும் வீடே அந்த வாதத்தைக் கேட்டது.

"விடியப்புறம் வைன் குடிக்கச் சொல்லுற பஞ்சாங்கம் ஒரு பஞ்சாங்கமோ காணும்?"

"அட்டமியிலை புதிர் எடுக்கிற உம்மை விடவோ?"

வியாழன் மாலை போத்தலோடு வந்தேன். மாமா சமையலறையில் தனியாக வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார். மேலங்கியைக் கூடக் கழற்றாமல் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"மாமா, எனக்கு நாளைக்குப் பின்னேரம் வேணும்."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"உங்கடை மகன் வருசத்திலை ஒரு நாள்தான் என்னோடை மனம் விட்டுக் கதைக்கிறவர். அது இந்த வைன் திறக்கிற பின்னேரம். நீங்கள் எல்லாரும் இருந்தால் அவராலை ஏலாது."

அவர் ஒரு வெற்றிலையை இரு புறமும் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

"கதைப்பானோ?" என்றார். "என்ன கதைப்பான்?"

"அன்னம் துரத்தினது. அப்பிடியான கதையள்."

"என்னட்டை அவன் ஒருக்காலும் அன்னத்தைப் பற்றிச் சொன்னதில்லை."

அதில் குற்றச்சாட்டு இல்லை. வரைபடத்தில் விடுபட்ட ஒரு காணியைக் கண்ட அளவையாளரின் குரல் மட்டுமே இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், மூடினார், தொலைபேசியை எடுத்தார்.

"நான்தான். உம்மடை பஞ்சாங்கம்தான் சரி."

மறுமுனையில் திருக்கணிதக்காரர் பதறினார்.

"என்ன காணும், சுகமில்லையோ? டொக்டரிட்டைக் காட்டினீரோ?"

"சுகத்துக்கு என்ன? விடிய வாரும். மற்ற ஆக்களுக்கும் நீரே சொல்லும்."

"மகன் வீட்டிலை நிக்கிறானோ? போனை அவனிட்டைக் குடும்."

மறுநாள் இருள் பிரியுமுன் அனைவரும் வந்தார்கள். திருக்கணிதக்காரர் வெற்றிப் பெருமிதத்தோடு அல்ல, தோடம்பழங்களும் ஹோர்லிக்ஸ் போத்தலுமாக, நோயாளியைப் பார்க்கும் முகத்தோடு வந்தார். மாமாவை ஒரு கதிரையில் இருத்தி, எழும்பவே விடவில்லை. நானும் கணவரும் கிழக்கு நோக்கி ஆளுக்கொரு தேக்கரண்டி அருந்தினோம். வாசம் கதலியே என்று திருக்கணிதக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த நிலையில் மாமாவோடு வாதாட அவருக்கு மனம் வரவில்லை. எதிர் ஜன்னலில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் தேநீர்க் கேத்திலைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அதில் பேரிரக்கம் இருந்தது.

மாலை வேலையால் திரும்பியபோது கதவடியில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. குடியை விட விரும்புவோருக்கு உள்ளூரில் கிடைக்கும் உதவிகள் பற்றியது. மேல் ஓரத்தில் பேனாவால், "நீங்கள் தனியாக இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கணவர் அதை வாசித்து, மடித்து, போத்தலுக்குக் கீழே விரிப்பாக வைத்தார்.

மாமா சாப்பாட்டை முடித்து, "நான் மேலை போறன், சீரியல் இருக்கு," என்று அறிவித்தார். அவர் சீரியல் பார்ப்பதில்லை. சற்று நேரத்தில் மாடியிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் தெருவுக்கே கேட்கும்படி சண்டையிடத் தொடங்கினார்கள். முன்னறைக் கதவைச் சாத்தினேன். முதற்கிண்ணம் பேச்சின்றிப் போனது. இரண்டாவதை ஊற்றினேன். கணவர் கிண்ணத்தைச் சுழற்றினார்.

"நான் இஞ்சை வந்த புதுசிலை," என்றார், "இங்கிலிசு பழகினது எப்பிடியெண்டு உமக்குச் சொன்னனானோ?"

"இல்லை."

"பார்க்கிலை. நாயளோடை வாற ஆக்களிட்டை. அவையள்தான் ஆறுதலாக் கதைப்பினம், ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லுவினம். ஒருநாள் மனேச்சர் பெட்டி தூக்க வந்து உதவினார். நான் அவற்றை முதுகிலை தட்டி, 'குட் பாய்' எண்டன்."

நான் சிரித்தேன். அவர் நிற்கவில்லை. அதன் பிறகு மனேச்சர் என்ன செய்தார் என்பதையும், "சிட்" என்ற சொல்லை ஒரு நேர்முகத் தேர்வில் தான் எப்படிப் பயன்படுத்தினார் என்பதையும் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய குரல், ஓராண்டுக்கு அல்ல, மூன்றாண்டுக்கும் சேர்த்து வந்தது.

நேர்முகத் தேர்வின் நடுவில் மாமியாரின் குரல் சற்றுத் தணிந்தது. பிறகு இன்னும் தணிந்தது. கொஞ்ச நேரத்தில் மாடியில் சத்தமே இல்லை. படிக்கட்டின் மேற்படி மட்டும், யாரோ மெல்ல உட்கார்ந்தது போல, ஒருமுறை முனகியது. கணவர் கதையில் இருந்தார், கவனிக்கவில்லை.

நான் எழுந்துபோய் முன்னறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

"குளிர் வருமப்பா," என்றார் கணவர்.

"வரட்டும். நீங்கள் சத்தமாச் சொல்லுங்கோ."