பன்னிரண்டு வீட்டுக் குடியரசு

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வால்டர் குடியிருப்போர் சங்க விதிமுறையின் பதினேழாம் வரைவை உரக்க வாசித்தார். மகள் நோரா பழைய பிரதியில் பென்சிலால் ஒத்துப் பார்த்தாள். அவள் மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குபவள். அவர் முப்பது வருடம் பள்ளியில் குடிமையியல் நடத்தியவர். ஆளப்படவிருந்த நாடு, மந்தைவெளியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரே கட்டடம்.

அங்கே முதலில் நாடாளுமன்ற முறை இருந்தது. கமிட்டி செயலாளரைத் தேர்ந்தெடுக்கும். தண்ணீர் மோட்டார் கால் மணி நேரம் கூடுதலாக ஓடினால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரும். ஒரே வருடத்தில் நான்கு அரசுகள் கவிழ்ந்தன. நான்கும் லிஃப்டைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லித்தான் பதவியேற்றன.

நிலையான தலைமை வேண்டுமென்று வால்டர் அதிபர் முறைக்கு மாற்றினார். எல்லா வீடுகளும் நேரடியாக ஓட்டுப் போட்டு, தரைத்தளத்து லாய்டை மூன்று வருடத்துக்கு அதிபராக்கின. கமிட்டி லிஃப்டுக்கு ஒப்புதல் கொடுத்தது, லாய்ட் மறுத்தார். தரைத்தளத்துக்காரருக்கு லிஃப்ட் எதற்கு? அவரை இறக்கவும் வழியில்லை. அந்த விதியை எழுதியவர் வால்டரே.

மூன்றாம் மாடியில் மூட்டு தேய்ந்த அன்வரி பேகம் எட்டு மாதமாகக் கீழே வரவில்லை. பால் பாக்கெட் கொண்டுபோன வால்டரிடம் கேட்டார்: “இன்னா வாத்தியாரே, உங்க சட்டம் எப்போ முடியும்? நாலு பேர் தூக்கி, ஜனாஸாவாத்தான் நான் எறங்கணுமா?”

பதினேழாம் வரைவில் வால்டர் நாடாளுமன்ற முறைக்கே திரும்பியிருந்தார்.

நோரா பென்சிலைக் கீழே வைத்தாள். “டாடி, ரெண்டு முறையும் ஒரே எடத்துலதான் நிக்குது. ஒருத்தருக்கொருத்தர் ஒத்துக்கலன்னா யாரு கையெழுத்துப் போடறதுன்னு எதுலயும் இல்ல.”

“அதுக்கு மரபுன்னு ஒண்ணு இருக்கும்மா.”

வியாழக்கிழமை அவர் இதயம் நின்றது. தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை.

அடக்கத்துக்கு எடுத்தபோது அன்வரி பேகம் மேலே வராந்தாக் கம்பியைப் பிடித்தபடி பார்த்தார். கீழே, இரங்கலை வாசிக்கும் உரிமை அதிபருக்கா கமிட்டிக்கா என்று விவாதம். அது முடிவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பத்தாம் நாள் நோரா அப்பாவின் தோல்பையைத் திறந்தாள். உள்ளே லிஃப்ட் கம்பெனியின் படிவம். சங்கத்தில் யாருக்கு அதிகாரம் என்று புரியாமல், பன்னிரண்டு உரிமையாளர்களும் கையெழுத்திட்டால் போதும் என்று கம்பெனியே வழி சொல்லியிருந்தது. வால்டர் வீடு வீடாக ஏறிப் பதினொன்று வாங்கியிருந்தார். எப்படிச் சம்மதிக்கவைத்தாரோ, லாய்டினுடையதும் இருந்தது.

காலியாக இருந்த கட்டம் வால்டருடையது. பக்கத்தில் பென்சிலில், ‘விதிமுறை நிறைவேறிய பிறகு.’

வாரிசு கையெழுத்துப் போடலாமா என்று நோரா விதிமுறையில் தேடவில்லை. படிவத்தைக் கம்பெனியின் அடையாறு அலுவலகத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.