றெஜினோல்ட்டின் இரண்டாவது படம்

"ஆடாம இருங்க, இன்னொண்டு" என்றபடி ஸ்ரூடியோக்காரர் றெஜினோல்ட் முதல் கமராவை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். ஒருமுறை சிரித்து முடித்தவர்களுக்கு மறுமுறை சிரிப்பு வருவதில்லை. கல்முனையில் பலரின் அடையாள அட்டையில் இருப்பது முதல் முகம். கடுகடுத்த இரண்டாவது முகம், வயல்களுக்கு அப்பால், வரிப்பத்தான்சேனையில் இருக்கிறது.

அங்கே நிறைய வயலுள்ள மீராசாஹிபு என்ற போடியாரின் வீட்டு அலுமாரியில், பிஸ்கட் தகரப் பேணிகளுக்குள் பிலிம்கள் அடுக்கியிருக்கின்றன. இந்த உபகாரத்துக்காகப் போடியாரின் எருமைகளையும் றெஜினோல்ட் படம் பிடித்துக் கொடுத்திருக்கிறார், இரண்டு தரம்.

பின்னறையில் வைத்தால் போதாதா என்று மனைவி இமக்குலேற் ஆரம்பத்தில் கேட்டாராம்.

"காத்து வந்தா முன்னறை, பின்னறை எண்டு பாக்காது."

எழுபத்தெட்டு நவம்பரில் அது சூறாவளியாக வந்தது. ஸ்ரூடியோவின் கூரை போயிற்று; உள்ளே இருந்ததெல்லாம் சேறாயிற்று. போடியாரின் ஓடுகளும் பறந்தன. ஆனால் பேணிகளுக்குள் தண்ணீர் போகவில்லை. கூரை போட முன்னமே றெஜினோல்ட் இருட்டறையைக் கட்டினார். இறந்துபோனவர்களின் படங்களைக் கேட்டு, வாசலில் சனம் நின்றது. முகம் கடுகடுத்திருக்கிறது என்று ஒருவரும் குறை சொல்லவில்லை.

அந்தச் சனத்தில் ஹாஜறாவும் நின்றார். சவூதிக்குப் போவதற்காகப் பாஸ்போட் படம் எடுத்த அவருடைய மகன் காலிதீன், மறுநாள் இரவு சுவர் விழுந்து இறந்திருந்தான். வேறு படம் அவனுக்கு இல்லை.

"ரெண்டாவது படம் அங்கால இரிக்கும் எண்டாங்க."

"வெள்ளிக்கிழமைதான் பஸ்ஸில குடுத்து விடுற, ராத்தா. காத்து வியாழக்கிழமை வந்திட்டு."

ஹாஜறா போகவில்லை. மகன் எப்படி இருந்தான் என்று கேட்டார்.

றெஜினோல்ட் சற்று யோசித்தார். "கொலர் பொத்தானப் பூட்டினவர். புறகு கழட்டினவர்."

அதை மட்டும் வாங்கிக்கொண்டு ஹாஜறா வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து பிலிம் தினமும் போகிறது. சுருள் முடியும்வரை அவர் பொறுப்பதில்லை. எடுத்த அளவில் வெட்டிக் கழுவி, பின்னேர பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறார். வீணாகும் வெற்றுப் பிலிமைப் பற்றி இமக்குலேற் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார். மின்சாரம் நின்றால் பெற்றோமக்ஸ். அதிலும் இரண்டு.

போன மாதம் நான் ஸ்ரூடியோவில் இருந்தபோது ஹாஜறா தன் மகள் றம்லாவுடன் வந்தார். அவளுக்கும் பாஸ்போட் படம். இரண்டாவது கமரா கைக்கு வந்ததும் எல்லோருக்கும்போலவே றம்லாவின் முகமும் கடுகடுத்தது.

"அசையாம இரி மகள்" என்றார் ஹாஜறா.

அவர்கள் போனபின் றெஜினோல்ட் இருட்டறைக்குள் புகுந்தார். வெளியே வாங்குப் பலகையில், கலியாணப் படத்துக்காக ஒரு மாப்பிள்ளை, வீட்டாரோடு கோட்டும் தொப்பியுமாக வேர்த்துக்கொண்டிருந்தார். பிலிம் காய்ந்ததும் றெஜினோல்ட் அதை ஒரு பேணியில் போட்டு மூடினார். மாப்பிள்ளையைத் தாண்டி வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பஸ் ஸ்ராண்டுக்கு நடந்தார். பேணியை வாங்கக் கொண்டக்டர் கை நீட்டினார். றெஜினோல்ட் அந்தக் கையில் ரிக்கற் காசை வைத்துவிட்டு, பேணியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.