பாட்டில் பொறுக்கிய ஞாயிறு

எங்கள் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை படகு ஓட்டும் கூட்டம் ஒன்று உண்டு. படகு என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். கயாக் என்று சொல்ல வேண்டும். ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்காரக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு முனையிலும் அகப்பை வைத்த ஒரு துடுப்பு, அவ்வளவுதான். அதில் ஏறுவதற்காக இவர்கள் போட்டுக்கொள்ளும் சட்டை, கையுறை, கழுத்தை மறைக்கும் தொப்பி, மூக்கில் அப்பிக்கொள்ளும் வெள்ளைப் பசை எல்லாவற்றையும் பார்த்தால் வடதுருவத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைப்பீர்கள். போவது எண்ணூர் கழிமுகத்துக்கு.

நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கழிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தில். இப்போது திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். ராயபுரத்தில், கப்பலில் வரும் சரக்குக்குக் காகித வேலை பார்க்கும் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. எந்த ஊர் என்று அங்கே யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மேலாளர்தான் கயாக் கூட்டத்துக்குத் தலைவர். 'யாருக்குமே தெரியாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன்' என்று அவர் ஒருநாள் கைப்பேசியில் வரைபடத்தை விரித்துக் காட்டினார். என் அக்கா வீட்டுக் கொல்லை அது. கண்டுபிடித்தாராம்.

கூப்பிட்டதும் நானும் போனேன். உண்மையைச் சொன்னால் வேடிக்கை பார்க்கத்தான். சினிமாவுக்குப் போனால் கூட அவ்வளவு கிடைக்காது. வள்ளூர்ப் பக்கம் புகைபோக்கிகள் நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும், அனல்மின் நிலையத்தின் இரைச்சல் காதை விட்டுப் போகவே போகாது, தண்ணீருக்கடியில் கால் வைத்தால் சாம்பல் சேறு முழங்கால் வரை இழுக்கும். மேலாளர் அதன் நடுவில் துடுப்பை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "வாவ், என்ன ஒரு சைலன்ஸ்" என்பார். கூட்டத்தில் பறவை தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார், ஏற்றுமதிப் பிரிவு. எல்லாரையும் கையமர்த்தி, மூச்சை அடக்கி, தூரத்தில் ஒரு கூழைக்கடாவைக் காட்டினார். வெகுநேரம் படம் எடுத்தார்கள். கிட்டப் போனபோது அது கழியில் நட்ட கம்பில் சிக்கிய சிமெண்ட் சாக்கு. அதற்கும் ஒருவர், 'லைட்டிங் அருமை' என்றார்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் குப்பத்தில் கழியின் நல்ல இடங்களில் யார் வலை போடுவது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். இன்று ஒரு வீடு, நாளை இன்னொரு வீடு. அதைப் பாடு என்போம். பாடு ஆண்பிள்ளைக்குத்தான் என்பது ஊர் வழக்கம். அக்காவின் புருஷன் கூலி வேலைக்குப் போன இடத்தில் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். அடுத்த ஊர்க்கூட்டத்திலேயே அவருடைய தம்பி, அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கக் காட்டாத அவசரத்தை, அண்ணன் பாட்டை எழுதி வாங்கக் காட்டினான். அக்கா எழுந்து நடுவில் போய் நின்றாள்.

"என் வூட்டுப் பாடு என் வூட்டுக்குத்தான். அவரு எறங்கலன்னா நான் எறங்குறேன். இன்னா இப்போ?"

ஊர் முணுமுணுத்தது. கடைசியில் ஒரு கட்டுப்பாட்டோடு விட்டார்கள். அவள் முறை ஒருதரம் தவறினாலும் பாடு கொழுந்தனுக்கு. முறை தவறுவது என்றால் என்ன என்பதில் எங்கள் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. நண்டு வலை தண்ணீருக்கடியில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் தலைப்பில் கயிறு கட்டி மேலே ஒரு காலி பாட்டிலை மிதக்க விடுவார்கள். பாட்டில் மிதக்கிற இடம் ஆள் உள்ள இடம். மிதவை இல்லையென்றால் அது ஆளில்லாத இடம், யார் வேண்டுமானாலும் வலை இறக்கலாம். அக்காவின் பாடு வரும் ஒவ்வொரு நாளும் கொழுந்தன் தன் படகில் வலையோடு உட்கார்ந்து, கொக்கு மாதிரி அந்தப் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருப்பான். வேறு வேலை இல்லாத ஜென்மம்.

இந்த நிலையில்தான் மேலாளருக்குக் கழியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அனைவருக்கும் பச்சை டீசர்ட். முதுகில் 'நதியின் நண்பர்கள்' என்று அச்சு. அந்த ஞாயிறு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒன்றின் பின்னால் ஒன்று நின்றுவிட்டன. ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குப்பை மூட்டைகளை மாநகராட்சி வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. நதியின் நண்பர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க மிஸ் பண்ணிட்டீங்க" என்றார் மேலாளர். "தண்ணிக்கு நடுவுல எல்லாம் பாட்டில். கயித்துல கட்டி வேற போட்டிருக்காங்க. என்ன ஜனங்களோ! ஒவ்வொண்ணா கத்தியில அறுத்து எடுத்தோம்."

அன்று அக்காவின் பாடு. கயிற்றில் கட்டிய பாட்டிலைப் பார்த்தபிறகும், இதை யாரோ ஒரு காரணத்துக்காகக் கட்டியிருப்பார்கள் என்று தோன்றாத மூளைகள்! கயிறு கட்டிக் குப்பை போடுகிறவன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? படித்த கூட்டம், கையில் கத்தியோடு வந்த படித்த கூட்டம்.

அதற்குள் அக்கா தண்ணீரில் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். பாதி தூரத்திலேயே குரல் வந்தது. மறுகரை வீட்டில் அத்தானுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்பியவள், மொட்டையாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கொழுந்தனின் படகும் மெல்ல நகர்ந்து வந்தது.

"இன்னா அண்ணி, மிதவையே காணோம்? இடம் காலியா கீது போல" என்றான். வலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"கை வச்சுப் பாரு, தெரியும்" என்றாள் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்தாள். புடவைக்கு மேல் நான் மாட்டியிருந்த பச்சை டீசர்ட்டைப் பார்த்தாள். "உன் கூட்டமாடி இது?"

"ஆபீஸ்காரங்க, அக்கா."

"உங்க அக்காவா?" என்று மேலாளர் திகைத்தார். பிறகு வெளிநாட்டுக்காரரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "அம்மா, நாங்க நல்லதுதான் செஞ்சோம். பிளாஸ்டிக் ஆத்துக்குக் கெடுதல்" என்றார்.

சாம்பல் தண்ணீரில் இடுப்பளவு நிற்கும் பெண்ணிடம், ஆற்றுக்கு எது கெடுதல் என்று சொல்கிறார். நான் அங்கேயே அவரைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். அக்கா அதைவிட நல்ல வேலை செய்தாள்.

"எறங்குங்கய்யா. கால வுட்டுத் துழாவுங்க. கயிறு எங்க தட்டுதோ அங்கயே நில்லுங்க."

இறங்கினார்கள். கொழுந்தனைப் பார்த்தா, அக்காவைப் பார்த்தா, யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்று தெரியவில்லை. சேறு ஒருவரின் விலை உயர்ந்த செருப்பை விழுங்கியது. பறவைக்காரர் ஏதோ கடித்துவிட்டது என்று அலறினார். அது அவர் கூட்டாளியின் காலே. நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துழாவினேன். வெயில் ஏற ஏற ஒவ்வொரு அறுந்த கயிறாகத் தட்டுப்பட்டது. கட்டத்தான் பாட்டில் இல்லை. கரை முழுவதும் தேடினோம். எண்ணூரில் ஒரு காலி பாட்டில் கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அன்று கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தார்கள். பறவைக்காரர் தன் ஸ்டீல் குடுவையை மனமே இல்லாமல் கொடுத்தார். கட்டி விட்டதும் ஒரு குமிழி விட்டுவிட்டு நேராக அடியில் போய்விட்டது.

"வூட்டுக்குப் போய் எடுத்துனு வா அண்ணி. நான் பாத்துக்கறேன்" என்றான் கொழுந்தன். அவன் எதைப் பார்த்துக்கொள்வான் என்று அக்காவுக்குத் தெரியாதா?

அக்கா சுற்றிலும் பார்த்தாள். மஞ்சளும் ஆரஞ்சுமாக மிதந்துகொண்டிருந்த கயாக்குகளைப் பார்த்தாள்.

"பாட்டில எடுத்தவங்க பாட்டிலா இருங்க. ஆளுக்கு ஒரு கயிறு. தண்ணி வத்துற வரைக்கும் நகரக் கூடாது."

நண்டு வலையைத் தண்ணீர் வடியும் முன் தூக்கினால் ஒன்றும் இருக்காது. அதனால் அவர்கள் உட்கார்ந்தார்கள். உச்சி வெயிலில், மூக்கில் வெள்ளைப் பசையோடு, ஆளுக்கு ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நதியின் நண்பர்கள் மிதந்தார்கள். கொழுந்தன், "மனுசன் எல்லாம் மிதவை ஆவுமா? ஊர்ல கேப்பேன்" என்று கத்தினான். "கேளு, நைனா. மிதக்குதா இல்லையா, அத மட்டும் கேளு" என்றாள் அக்கா. அவன் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன்.

ஆனால் அவர்களுடைய வாய் மட்டும் ஒரு நிமிடம் நிற்கவில்லை. அலுவலகக் கதை, அமெரிக்காவில் இருக்கும் மச்சான் கதை, எந்தக் கடையில் பிரியாணி நல்லது என்ற கதை, ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குக் கத்திக் கத்திப் பேசினார்கள். அக்கா இரண்டுமுறை சும்மா இருக்கச் சொன்னாள். யார் கேட்டார்கள்?

தண்ணீர் வடிந்தது. அக்கா ஒவ்வொரு கயாக்காகப் போய்க் கயிற்றை வாங்கித் தானே வலையைத் தூக்கினாள். யாரையும் தொட விடவில்லை. நண்டு சுமாராகத்தான் இருந்தது. கொழுந்தன் படகைத் திருப்பிக்கொண்டு போனான். பாடு அக்காவிடமே நின்றுவிட்டது. அக்கா வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது, அத்தான் விழுந்த அன்றைக்குப் பிறகு அதுதான். அந்த நேரம் பார்த்து மேலாளர் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுவாரமே அலுவலகக் குழுவில் அந்தப் படம் வந்தது. கையில் கயிறு, முகத்தில் தியாகி மாதிரி ஒரு பார்வை. 'மீனவ மக்களுக்குத் தோள் கொடுத்தபோது.' கீழே ஏகப்பட்ட கும்பிடுகள். என்னிடம் தனியாக வந்து, "அருமையான அனுபவம். அடுத்த மாசமும் செய்யலாமான்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஞாயிறு நான் குப்பத்துக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து காலி பாட்டில்களில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன், கேட்கச் சொன்னதையும் சொன்னேன். அவள் கைப்பேசியைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கையில் இருந்த பாட்டிலின் மூடியை இறுகத் திருகினாள்.

"வாணாம்னு சொல்லு. எனுக்கு பாட்டிலே தேவலாம். அதும் வாய்க்கு மூடின்னு ஒண்ணு கீது."