நடந்துகொண்டே கேட்டவர்

அந்தக் கட்டிடத்தில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடிக்கும் படிதான். முப்பத்தொரு வருடம் ஊரிலுள்ள லிஃப்ட்டுகளையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு மட்டும் மூச்சு வாங்கப் படியேறி வருகிற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அவருக்கு வராது. நின்று சிரிக்க அவருக்கு ஏது நேரம்?

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். சாத்திய ஜன்னலைத் திறக்க மறுபடி எழுந்திருப்பார். அவர் கல்யாணப் படத்தில் இருபது பேர் முகமும் பளிச்சென்று இருக்கிறது, மாப்பிள்ளை முகம் மட்டும் கலங்கல். படம் எடுத்தவர் "ஆடாதீங்க சார், ஆடாதீங்க சார்" என்று மூன்று தடவை கெஞ்சினாராம். "நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று அவர் மனைவி அந்தப் படத்தைக் காட்டிச் சொல்வாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

நடையில் பாதி பிறவிக்குணம், பாதி தொழில். லிஃப்ட்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று கூப்பிட்டால் மற்ற மெக்கானிக்குகள் உள்ளே ஏறி நின்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். இவர் ஏறமாட்டார். ஆளில்லாமல் லிஃப்ட்டை மேலே அனுப்பிவிட்டு, அதைச் சுற்றிப் போகிற படிகளில் கூடவே ஏறுவார். மாடிக்கு மாடி சத்தம் எங்கே மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே போய், "நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல, இடது பக்கம்" என்று சொன்னால் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை, அங்கேதான் இருக்கும். ஓடுகிற மெஷினை நடந்துகொண்டே கேட்பது என்பது அவருக்கு அப்படியே ஊறிப்போனது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் பின்னறையில் மேஜை போட்டுப் பழைய பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். மனைவிக்கு அதில் ஒரு நப்பாசை. கையில் ஸ்க்ரூ டிரைவரும் கண்ணில் பூதக்கண்ணாடியுமாக மனுஷன் ஒரு இடத்தில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்! உட்காருவார். ஒரு கம்பியை ஒட்டுவார், எழுந்து ஜன்னல் வரை நடப்பார், திரும்பி வந்து அடுத்த கம்பி.

மூன்று வாரத்துக்கு முன்பு அடுத்த தெருவிலிருக்கும் வக்கீல், ரெக்கார்டு போடுகிற ஒரு டர்ன்டேபிளை இரண்டு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பது வருடத்துக்கு முந்தையது. அந்தக் காலத்தில் ரேடியோ நிலையங்களிலும் கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டிலும் மட்டும் இருந்த ரகம். பெல்ட் கிடையாது, மோட்டாரின் தண்டே மேலே நீண்டு சுழல்தட்டைத் தாங்கும். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் தட்டும் ஒரு சுற்று. வேகம் சரியாக இருந்தால் தட்டின் விளிம்பிலுள்ள புள்ளிகள் ஒரு குட்டி விளக்கின் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். வக்கீல் கொண்டுவந்தபோது அந்தப் புள்ளிகள் எறும்புச்சாரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

லிஃப்ட்காரர் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். காய்ந்துபோன கெப்பாசிட்டர்கள் பதினொன்றை மாற்றினார். விரிசல் விட்ட சால்டர் ஒட்டுகளைத் திரும்ப ஈயம் வைத்து ஒட்டினார். வேகம் மாற்றும் குமிழின் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைத் துடைத்தார். தண்டு உட்காரும் குழியில் எண்ணெய் பிசினாகிக் கிடந்தது. அதை வழித்தெடுத்து, புது எண்ணெய் மூன்று சொட்டு விட்டார். ரசமட்டம் வைத்துப் பெட்டியைச் சமனாக்கினார். ஊசி பிடித்திருக்கும் கையின் பின்பக்கக் குண்டைத் திருகித் திருகி, ஊசி ரெக்கார்டின் மேல் ஒன்றே முக்கால் கிராம் மட்டும் அழுத்தும்படி சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார். புள்ளிகள் ஆணி அடித்த மாதிரி நின்றன. வக்கீல் கொடுத்திருந்த வயலின் ரெக்கார்டை வைத்தார், எழுந்தார், நடந்தார்.

ஐந்தாவது நிமிடம் ஊசி தாவியது.

ஓடிவந்து குனிந்து பார்த்தார். புள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. பத்து நிமிடம் கண்கொத்திப் பாம்பாகக் குனிந்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை. முதுகைத் திருப்பி ஜன்னலுக்குப் போனதும் மறுபடி ஒரு தாவல். அவர் பக்கத்தில் இருந்தால் சமர்த்து. அந்தண்டை போனால் அழிச்சாட்டியம். இப்படி ஒரு கள்ள மெஷினை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அதே வாரம்தான் மனைவிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதமும் வந்தது. கழுத்தில் ஒரு கட்டி. எடுத்துவிடவேண்டும், விட்டுவைக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது. கூட இருப்பவர் கையெழுத்துப் போட்டு, முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து.

"கொஞ்சம் உட்காருங்களேன். பத்தே நிமிஷம். டாக்டர் என்ன சொன்னார்னு சொல்லிடறேன்" என்றாள் அவள், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"இதோ வந்துட்டேன், எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்று செருப்பை மாட்டினார். எண்ணெய் அரை பாட்டில் இருந்தது.

மறுநாள் சால்டர் கம்பி தீர்ந்தது. அதற்கு மறுநாள் யாரோ கூப்பிட்டார்கள். படியில் தடதடவென்று இறங்கி, நாலு தெரு சுற்றி, கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வருவார். வேறொன்றுமில்லை, பயம்தான். உட்கார்ந்தால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் செவ்வாய்க்கிழமையும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து ஓய்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஐம்பது லிஃப்ட் குழிகளில் கயிற்றில் தொங்கிய ஆள். ஒரு தாளைப் பார்த்து நடுங்கினார். இவரைத் திட்டுவதா, பாவம் என்பதா?

பத்து நாளில் டர்ன்டேபிளை நாலு தடவை பிரித்துப் பூட்டினார். கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: தண்டு உட்காரும் பித்தளைக் குழல் தேய்ந்திருக்கிறது, தண்டு உள்ளே ஆடுகிறது, அதனால்தான் ஊசி தாவுகிறது. குழலைத் தட்டி எடுத்துவிட்டுக் கடைசல் பட்டறையில் புதிதாகக் கடைந்து போடவேண்டும். புதன்கிழமை காலை ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வக்கீலைக் கூப்பிட்டார், நடந்துகொண்டேதான். அடுத்த அறையில் மனைவி பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எடுத்த குழலைத் திரும்ப மாட்ட முடியுமா?" என்றார் வக்கீல்.

"முடியாது சார். எடுக்கும்போதே நசுங்கிடும்."

"புதுசு சரியா அமையலேன்னா?"

லிஃப்ட்காரர் ஒரு சுற்று நடந்தார். "அப்புறம் அலங்காரத்துக்குத்தான் வெச்சுக்கணும்."

"சரி, ஒண்ணு கேக்கறேன். ஊசி தாவினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"ஜன்னல் பக்கம்."

"அதுக்கு முந்தின தடவை?"

"ஜன்னல் பக்கம்தான். நான் எங்க இருந்தா என்ன சார்? கூண்டுல நிக்க வெச்ச மாதிரி கேக்கறீங்க!"

வக்கீல் சிரித்துவிட்டு, "உங்க இஷ்டம், நீங்கதான் தெரிஞ்சவர்" என்று வைத்துவிட்டார். அடுத்த அறையில் சிவப்புப் பேனா நின்றுபோனதை லிஃப்ட்காரர் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை. குழலை நாலு மணிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தான் பட்டறைக்காரன். சரியான அளவில் பித்தளைத் தடி இருக்கிறதா என்று காலையிலேயே நேரில் பார்க்கக் கிளம்பினார் லிஃப்ட்காரர். ஃபோனில் கேட்டாலே போதும். மனைவி அன்றைக்கு லீவு. ஏன் லீவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவாளே!

மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பினார். சாப்பிடக்கூட உட்காரவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய்ச் சுழல்தட்டைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தார். சுத்தியலையும், குழலைத் தட்டி எடுக்க ஒரு மரக்கட்டையையும் எடுத்து வைத்தார்.

"அதைக் கீழ வையுங்க" என்றாள் மனைவி, வாசலில் நின்றபடி. "நீங்க போனப்புறம் நான் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டேன். ரெண்டு பக்கமும், ரெண்டு தடவை. ஒரு இடத்துலகூடத் தாவல."

"உனக்குக் கேட்டிருக்காது."

"நாப்பது பிள்ளைங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல ஒருத்தன் முணுமுணுத்தா எனக்குக் கேக்கும். தட்டை மாட்டுங்க. மாட்டிட்டு அந்த நாற்காலில உட்காருங்க."

"நாலு மணிக்குப் பட்டறையில..."

"உட்காருங்கன்னேன்."

வகுப்பில் பேசுகிற குரல் அது. உட்கார்ந்துவிட்டார். அவள் ஊசியை இறக்கினாள். பிறகு, அவர் நடக்கிற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, ஜன்னலை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். ஒரு தடவை போய்வந்தாள், ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை ஜன்னலிலிருந்து மூன்றாவது பலகையில் குதிகாலை ஊன்றித் திரும்பினாள். அந்த அறையில் மரத்தளம். அந்தப் பலகையின் மறுமுனை மேஜையின் பின்கால் வரைக்கும் போகிறது. மேஜை தூக்கத்தில் புரள்கிறவன் மாதிரி லேசாக ஒரு ஆட்டம் ஆடியது. ஊசி தாவியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை மிதித்தாள். இன்னொரு தாவல்.

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறார். பதினைந்து நிமிடம் போயிருந்தால் ஒரு நல்ல மோட்டாரை அடித்துக் கொன்றிருப்பார். சுத்தியலைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார், அது வேறு யாருடையதோ என்பது போல.

"வக்கீல் கேட்டாரே, எங்க இருந்தீங்கன்னு. அப்பதான் எனக்குத் தோணிச்சு" என்றாள். "மத்ததெல்லாம் அப்படியே இருக்க, ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும். நான் உங்களை மாத்திப் பாத்தேன்."

"சிரிக்காதே."

"சிரிக்கல" என்றாள் சிரித்துக்கொண்டே. ஊசியைத் தூக்கி, ரெக்கார்டின் தொடக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு பக்கம் முழுசா கேப்போம். இருபது நிமிஷம்."

அந்த இருபது நிமிடம் அவருக்கு எப்படிப் போயிற்று என்று கேட்கக் கூடாது. முட்டி துள்ளியது, கையால் அழுத்திக்கொண்டார். தாகமாக இருந்தது. ஜன்னல் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று பட்டது. கதவை யாரோ தட்டுகிற மாதிரிகூடக் கேட்டது, யாரும் தட்டவில்லை. இரண்டு தடவை எழுந்திருக்கப் போனார். இரண்டு தடவையும் அவள் அவரைப் பார்க்கவேயில்லை, கையை மட்டும் அவர் மணிக்கட்டின் மேல் வைத்தாள். வயலின் ஒரு இடத்திலும் இடறாமல் போய்க்கொண்டே இருந்தது. மெஷினில் ஒரு குற்றமும் இல்லை. போனவாரமே இல்லை. பழுது பார்க்க இனி அந்த அறையில் ஒன்றுமே மிச்சமில்லை.

பக்கம் முடிந்தது. அவள் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர்.

"தெரியும்."

"அந்தத் தாளைக் கொண்டா."

கொண்டுவந்தாள். அவர் படிக்கவில்லை, அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கோணலாக விழுந்தது. அவளே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று சொன்னாள். மணி மூன்றேகால்.

"இதுக்கா பத்து நாள் கெஞ்சினே? வெறும் கையெழுத்துன்னா நின்னுக்கிட்டே போட்டிருப்பேனே" என்றார். தப்பித்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி குரலில் எட்டிப் பார்த்தது.

"கையெழுத்துக்கு இல்லீங்க." அவள் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். "கட்டிக்குப் பக்கத்துல ஒரு நரம்பு போகுதாம். உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா குரல் மாறினாலும் மாறலாம்னார் டாக்டர். எப்படி மாறும்னு அவருக்கே தெரியல. அதான், இந்தக் குரல் இருக்கும்போதே உங்ககூடக் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருக்கணும்னு ஆசைப்பட்டேன். நீங்க நிக்கவே இல்ல."

தெருக்களில் வீணாகச் சுற்றிய பத்து நாளையும் கணக்குப் போட்டுப் பார்த்தார், தாங்கவில்லை. பட்டறையிலிருந்து ஃபோன் வந்தது, எடுக்கவில்லை.

"பேசு" என்றார்.

பேசு என்றால் என்னத்தைப் பேசுவது? பிறகு, பின்னம் என்றாலே அழுகிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். தங்கை வீட்டுச் சண்டையைச் சொன்னாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்றாள். குழாய் என்று கேட்டதும் எழுந்து ஓடுகிற மனிதர் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி மரத்தளத்துக்கு வந்துவிட்டது. அவள் நடுவில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே?"

"நான் பேசினா நீ நிறுத்திடுவே" என்றார் அவர். "சொல்லு. குழாய் எப்பலேர்ந்து ஒழுகுது?"