உட்கார்ந்துவிட்டுப் போனவர்

சீனாவோடு சண்டை மூண்டிருந்த ஐப்பசியில், கல்யாண் ஸ்டேஷனில் நின்ற மிலிட்டரி ரயிலுக்குத் தாராவியிலிருந்து சோற்றுப் பொட்டலங்கள் கொண்டுபோயிருந்தோம். வாசற்படியில் நின்ற சிப்பாயும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவர் கை மட்டும் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குப்பியின் மூடியை ஓயாமல் திருகிக்கொண்டிருந்தது.

பொட்டலத்தை நீட்டிய என் மனைவி, வாய்தவறி, "எங்க போறீய தம்பி?" என்று கேட்டுவிட்டாள்.

திருகிய கை நின்றது. "எங்களுக்கே சொல்லலக்கா. ஆனா, கெளம்புறவன எங்கன்னு கேக்கலாமா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் என்ஜின் ஊதிவிட்டது. அவர் பிளாட்பாரத்தில் குதித்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ரயில் நகர்ந்தது. உள்ளிருந்து ஹவில்தார் இந்தியில் வைதார். "ஏறுய்யா!" என்று நானும் கத்தினேன். அவர் குப்பியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்து, மூடியை இறுக்கிவிட்டுத்தான் எழுந்து ஓடினார். யாரோ நீட்டிய கையைப் பிடித்துத் தொற்றி ஏறி, "வாறேங்க்கா!" என்றார்.

சகுனம் தடைப்பட்டால், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால் போதும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பனிமலைக்கும் அது செல்லுமா என்று அவள் இன்னும் என்னிடம் கேட்கிறாள்.