குளித்துக்கொண்டிருக்கிறார்

இறந்துபோன என் கணவர் பதினோரு மாதம் எங்கள் வீட்டுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் நான் சொல்லி வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் இல்லை, ஒரே ஓர் ஆளுக்கு. மாதம் ஒருமுறை தவணை வசூலிக்க வருகிற பைனான்ஸ்காரனுக்கு.

முத்தியால்பேட்டையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் எங்கள் வீடு. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்று, வீட்டுப் பத்திரத்தை ஒரு தனியார் பைனான்ஸில் வைத்துக் கடன் வாங்கினார். ஐந்து வருடத் தவணை. அவர் பெயிண்டர். கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களின் மஞ்சள் சுவர்களில் பாதி அவர் கை பட்டவை. தளம் போட்டு எட்டாவது மாதம் காலையில் பால் வாங்கப் போனவர், கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது. எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபம்தான். வாங்கின பாலையாவது வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், மனுஷன்.

கருமாதிச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, அவரோடு வேலை செய்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பைனான்ஸ்காரன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதம்மா. ஆளு செத்தது தெரிஞ்சா மொத்தத்தையும் ஒரே தபாவுல கட்டச் சொல்லுவான். தெருக்கோடி வூட்டுல நோட்டீஸ் ஒட்டுனானே, பாத்த இல்ல?"

பார்த்திருந்தேன். அந்தக் கதவில் ஒட்டிய காகிதம் மழையில் ஊறித் தானாக உரியும் வரை அங்கேயே இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அரியாங்குப்பத்துக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு மகள், பதினொன்றாம் வகுப்பு. இந்த வீடு போனால் அவளோடு நான் எங்கே போவேன்? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. அங்கே காலியாகிற மாத்திரை அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்து அலமாரியில் அடுக்கினேன். இருமல் மருந்துப் பெட்டியில் பால் காசு. விட்டமின் பெட்டியில் மகளின் பீஸ். ரத்தக்கொதிப்பு மாத்திரைப் பெட்டியில் தவணை. சம்பளம் வந்த அன்றே பிரித்துப் போட்டுவிட்டால், பிறகு எந்தப் பெட்டியிலிருந்தும் எந்தப் பெட்டிக்கும் மாற்றக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். முதல் மாதமே சட்டத்தை மீறினேன். பால் காசு தவணைக்குப் போனது. நாங்கள் கடுங்காபி குடிக்கப் பழகினோம்.

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த மூன்று மணி நேரம் தெருவில் நாய்கூட குரைக்காது. நான் சாப்பிட வீட்டுக்கு வருவது அப்போதுதான். வசூல்காரனும் அந்த நேரம் பார்த்துத்தான் வருவான். முப்பது வயதிருக்கும். பிள்ளைச்சாவடிப் பக்கமிருந்து வருகிறவன். அதற்கு முன் வந்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய் இவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். என் கணவரின் முகமே அவனுக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

முதல்முறை அவன் வந்தபோது மே மாத விடுமுறை. மகள் வீட்டில் இருந்தாள்.

"சார் இல்லீங்களாக்கா?"

"குளிக்கிறாரு தம்பி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான்.

சொல்லி முடிக்கவில்லை, உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளியில் சொளசொளவென்று, அவர் குளிக்கும்போது கேட்கிற அதே சத்தம். அவன் பணத்தை எண்ணி, ரசீது போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நான் உள்ளே ஓடிப் பார்த்தால், குழாயைத் திறந்துவிட்டு மகள் சுவரோரம் ஒண்டி நிற்கிறாள்.

"நீ சொன்னியேம்மா, அதான்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் போனபிறகு நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு அவள் அழுதாள்.

அதன்பின் மாதாமாதம் பத்தாம் தேதி நெருங்கினால் வீடு ஒரு நாடகத்துக்குத் தயாராகும். மாலை போட்ட படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைப்பேன். அவருடைய ரப்பர் செருப்பை வாசலில் போடுவேன். ஒரு ஸ்டிக்கர் பொட்டு எடுத்து வைத்துக்கொள்வேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அந்தப் பொட்டு எனக்குப் பிடித்திருந்தது. அந்த அரைமணி நேரம் நான் புருஷன் உள்ளே இருக்கிற பொம்பளை. அவன் போனபிறகும் கழற்ற மனம் வராமல் அப்படியே கடைக்குப் போயிருக்கிறேன்.

சந்தில் இருக்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வசூலுக்கு வருகிறவனிடம் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காத தெரு எங்களுடையது. நான் கேட்கவே இல்லை, எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தானாகவே அவனிடம் சொன்னார்:

"இப்பதான் தம்பி, மார்க்கெட் பக்கம் போனாரு. நான் பாத்தேனே."

வாழும்போது அவரைக் கண்டுகொள்ளாத தெரு, செத்தபிறகு அவரை அங்கே பார்த்தேன் இங்கே பார்த்தேன் என்றது. முதலில் நன்றியாக இருந்தது. போகப்போக அவர்கள் சொல்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் இப்படி அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்களா?

ஆடி கடைசி வெள்ளி. மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் அவர் செருப்பு ஈரமாக இருந்தது. மழை இல்லை. செருப்பிலிருந்து குளியலறை வரை தரையில் நீர்த்தடம். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது, வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில். பூட்டு போட்டது போட்டபடி இருந்ததை நான்தானே திறந்தேன்? காலையில் தண்ணீர் வராதபோது குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்திருப்பேன், வழிந்த தண்ணீர் வாசல்வரை வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு துடைத்தேன்.

மறுநாள் வசூல்காரன் வந்தான்.

"நேத்தே வந்தேன்கா. நீங்க இல்ல. சார்கிட்ட சொல்லிட்டுப் போனேனே, சொல்லலியா?"

"சொன்னாரு" என்றேன். வேறு என்ன சொல்வது? பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கடைக்கு மருந்து வாங்க வருகிற ஒரு சொல்தா உண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். வருஷா வருஷம் தான் உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்கி அனுப்பினால்தான் அவருக்குப் பென்ஷன் வரும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நின்று கத்துவார். "நான் முன்னாடி வந்து நிக்கிறேன், அது பத்தாதாம். பேப்பர்ல உசுரோட இருக்கணுமாம்!" எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. என் வீட்டில் ஓர் ஆள் பேப்பரில் மட்டும் உயிரோடு இருந்தார்.

ஐப்பசியில் என் கணவரின் ஸ்கூட்டரை விற்று இரண்டு தவணை கட்டினேன். தையில் அதுவும் தீர்ந்தது. ரத்தக்கொதிப்புப் பெட்டியில் போட எதுவும் இல்லை. மகளுக்கு உதவித்தொகை கேட்க ஏதோ சான்று தேவைப்பட, அவருடைய பையைக் குடைந்தோம். கடன் பத்திரத்தின் நகல் கிடைத்தது. மகள் அதை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இங்கிலீஷ் எழுத்து, எறும்பு மாதிரி.

"அம்மா, இன்சூரன்சுன்னு சொல்லி முதல்லயே காசு புடிச்சிருக்காங்க. கடன் வாங்கினவர் செத்துட்டா மிச்சத்தக் கட்ட வேணாம்னு போட்டிருக்கும்மா."

நான் திரும்பத் திரும்ப அந்த வரியைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் பால் கடை வாசலில் விழுந்த அன்றைக்கே கடன் தீர்ந்திருக்கிறது. பேயைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிப் பத்து மாதமாக நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அடிப்பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த மாசித் தவணையையும் ஒரு பயத்தில் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, இறப்புச் சான்றிதழோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜர் சான்றிதழைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். பழக்கத்தில் பொட்டோடு போய்விட்டேன்.

"உங்க ஹஸ்பண்ட் இறந்துட்டாருன்னு சொல்றீங்க. எங்க ஸ்டாப் மாசா மாசம் அவர நேர்ல பாத்துப் பேசியிருக்காரே."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பதினோரு மாதம், பதினோரு பதிவு. வாடிக்கையாளரை நேரில் சந்தித்தேன். வாடிக்கையாளர் அவகாசம் கேட்டார். உடம்பு சரியில்லை என்றார். அவர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, என் கணவர் என்னைவிட்டு வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆடி மாதத்துப் பதிவு கடைசி வெள்ளிக்கிழமையில் இருந்தது. வாடிக்கையாளர் ஸ்கூட்டரை விற்றுக் கட்டுவதாகச் சொன்னார்.

ஆடியில் ஸ்கூட்டரை விற்கிற யோசனை என் மனதில் மட்டும்தான் இருந்தது. மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

"இந்தப் பதிவு இருக்கிற வரைக்கும் க்ளெய்ம் போவாதும்மா. பொய்ச் சான்றுன்னுதான் சொல்வாங்க. எங்க ஸ்டாப் மாத்தி எழுதிக் கொடுத்தா பாக்கலாம்."

அன்று மதியமே வசூல்காரனுக்குப் போன் போட்டு வீட்டுக்கு வரச்சொன்னேன். பீரோவிலிருந்து படத்தை எடுத்து, காய்ந்த மாலையோடு வாசலுக்கு நேரே மாட்டினேன். அவன் வந்தான், படத்தைப் பார்த்தான், தேதியைப் படித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, ஆளப் பாத்தோம்னு எழுதலன்னா எங்களுக்கு அன்னிக்கு பேட்டா கிடையாது. நீங்க குளிக்கிறாருன்னீங்க, தண்ணி சத்தம் கேட்டுது. பாத்தேன்னு எழுதிட்டேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்."

"நான் மட்டும் என்ன தம்பி, உண்மையா பேசினேன்? ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவர நிக்க வச்சோம்" என்றேன். "எழுதிக் குடு. இல்லன்னா என் பொண்ணு தெருவுல நிப்பா."

வேலை போகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் வாங்கி எழுதினான். ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை, எல்லாம் நானாக எழுதியது என்று கையெழுத்துப் போட்டான். தாளை நீட்டிவிட்டுக் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பத்து நானா எழுதினதுக்கா. அந்த ஆடி வெள்ளி மட்டும் இல்ல. கதவத் தட்டுனேன். தண்ணி ஓடிட்டிருந்துது. உள்ளேருந்து ஒரு ஆம்பள குரல், வண்டிய வித்துக் கட்டிடறேன் தம்பின்னுது. கதவுல பூட்டு தொங்குறத வண்டிய எடுக்கும்போதுதான் பாத்தேன். மறுநாள் கேட்டா நீங்களும் சொன்னாருன்னீங்க. இத நான் எங்க போய் எழுதறது?"

அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டான். அடுத்த மாதம் அந்த அலுவலகத்தில் அவன் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

நாலு மாதம் அலையவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் கட்டிய பதினோரு தவணையைப் பற்றிக் கேட்டேன். கட்டியது கட்டியதுதான் என்றார்கள். கம்ப்யூட்டரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் மேனேஜர் என்னமோ தட்டினார். முடிஞ்சுதும்மா என்றார். பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தேன். வீடு மிஞ்சியது என்று சந்தோஷப்பட வேண்டியவள், வழியெல்லாம் அழுதேன். அவர் அப்போதுதான் செத்தார்.

அடுத்த பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வருவதற்கு யாருமில்லை. அவர் செருப்பை எடுத்து வைத்துவிட்டிருந்தேன். தெரு அடங்கிக் கிடந்தது. குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது. மகள் அங்கிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூடிட்டு வாடி. தண்ணி வீணாப் போவுது."

"கொஞ்ச நேரம்மா. அப்பா குளிச்சு முடிக்கட்டும்."

நான் அவளைத் திட்டவில்லை. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். வாளி நிறைந்தது, வழிந்தது. வாசல்வரை நீர் வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய், "போதுங்க, வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயை நான்தான் மூடினேன்.