காலி ஹாலில் மோதிய ரோபோ

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தேதி, மணி எல்லாம் சரியாக நினைவிருக்கிறது. ராத்திரி நடந்ததல்ல. 1996 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்.

அப்போது கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் அன்புக்கரசி. சொந்த ஊர் அன்னூர். கல்லூரிகளுக்கு இடையே ரோபோ போட்டி ஒன்று வந்தது. எங்கள் கல்லூரியின் பழைய ஹாலில்தான் நடக்கப்போகிறது. தரையில் வைத்திருக்கும் டிரம்களில் மோதாமல் ரோபோ ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக வேண்டும்.

ரோபோ செய்தது என் வகுப்புத் தோழன் கதிர்வேல். பல்லடத்துக்காரன். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அதன் மோட்டார் புகைந்துவிட்டது. புது மோட்டார் போட்டிக்கு முந்தின நாள்தான் வரும் என்றார்கள். அதுவரை அதை ஓட்டப்போகும் ஜூனியர்கள் எதை வைத்துப் பழகுவது?

"ஒரு கேம் மாதிரி எழுதிக் குடு அன்பு. திங்கக்கெழம காலைல ஓடோணும். இல்லீன்னா ரோபோவ பொட்டிலயே வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போயிரலாம்."

சொல்லிவிட்டுப் பல்லடம் பஸ் ஏறிவிட்டான்.

எழுதினேன். ஹாலை டேப் பிடித்து அளந்து, நீளம் அகலம் இரண்டையும் புரோகிராமில் கொடுத்தேன். அரையடிக்கு ஒரு கட்டம். திரையில் ரோபோ ஒரு சின்னப் பச்சைச் சதுரம். எதிலாவது மோதினால் 'பீப்' என்று சத்தம் வரும். மோதிய இடமும் நேரமும் ஒரு ஃபைலில் பதிவாகும். அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் கம்ப்யூட்டர் லேபை எனக்காகத் திறந்துவிட்டவர் அட்டெண்டர் வெள்ளியங்கிரி.

"நீங்க பாருங்க அம்மணி. நானு சாப்புட்டுப்போட்டு மூணே காலுக்கு வாரேனுங்க."

லேபில் நான் மட்டும். டிரம்களை எல்லாம் எடுத்துவிட்டு, காலித் தரையில் ரோபோவைத் தானாக ஓடவிட்டேன். புல் வெட்டுவதுபோல் வரிசை வரிசையாக முழுத் தரையையும் அது சுற்றிவர வேண்டும். சுவரைத் தவிர மோத எதுவும் இல்லை.

மணி 1:40.

பீப்.

நடுத் தரையில் நின்றது. பின்வாங்கியது. சுற்றிப் போனது. அடுத்த வரிசையில் மறுபடி... பீப்.

புரோகிராமில் தப்பு என்று நினைத்தேன். வரி வரியாகப் பார்த்தேன். டிரம்களுக்கான பட்டியல் காலி. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். திரும்ப ஓடவிட்டேன். அதே இடத்தில் பீப்.

சரி, எங்கெங்கே மோதுகிறது என்று பார்ப்போம். மோதிய கட்டங்களைப் புள்ளியாக வைத்து பிரிண்டரில் அடித்தேன். பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் துப்பியது.

மணி 1:58. தாளைக் கையில் எடுத்தேன்.

மேலிருந்து பார்த்தால் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்திருப்பதுபோல் இருந்தது. தலை. முதுகு. மடங்கிய முழங்கால். கட்டங்களை எண்ணினேன். சுமார் ஐந்தடி.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏதோ வீட்டுப்பாடம் செய்வதுபோல் மறுபடி ஓடவிட்டேன்.

2:20. இரண்டாவது தாள். இப்போது நீளம் இல்லை. உருண்டையாக, சின்னதாக, இரண்டடிக்குள்.

உட்கார்ந்திருந்தது.

2:41. மூன்றாவது தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டே கட்டங்கள்.

இரண்டு பாதங்கள்.

நான்காவது தாளில் அந்த இரண்டும் கொஞ்சம் தள்ளி இருந்தன. ஐந்தாவதில் இன்னும் தள்ளி. இடது பக்கம், கீழ் மூலையை நோக்கி...

3:05. அந்த ஐந்தாவது தாளில் இரண்டும் சுவரை ஒட்டி வந்துவிட்டன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாலின் கதவு அங்கேதான் இருக்கிறது. கதவு எங்கே என்று நான் புரோகிராமுக்குச் சொல்லவே இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே ஹால். நல்ல வெயில். கதவில் பூட்டு. ஒரு காக்கா கூட இல்லை.

பின்னால் பீப்.

திரும்பினேன். ரோபோ ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றது. கீபோர்டை நான் தொடவே இல்லை.

பீப். பீப். பீப்.

சற்று இடைவெளி.

பீப். பீப். பீப்.

யாரோ தட்டுகிற மாதிரி.

பீப்...

சுவிட்சை அணைத்தேன்.

மணி 3:12.

வெள்ளியங்கிரி வந்தபோது நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். "முடிஞ்சுதுங்களா அம்மணி?" என்றார். "முடிஞ்சுதுங்ணா" என்றேன். அவர் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு லேபைப் பூட்டியதை என் கண்ணால் பார்த்தேன். ஹாஸ்டலுக்குப் போனேன். சாப்பிட்டேன். தூங்கினேன். அதுதான் இன்று வரை எனக்குப் புரியவில்லை. எப்படித் தூங்கினேன்?

திங்கள் காலை 8:40. கதிர்வேலுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

3:12-இல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

3:13. 3:15. 3:20. எல்லாம் ஒரே இடம். கதவு இருக்கும் அந்த மூலை. மூன்று மூன்றாக. போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போனது. 4:30-க்குமேல் இரண்டு இரண்டாக. பிறகு ஒன்று ஒன்றாக.

கடைசி வரி, 5:52.

வெள்ளியங்கிரி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து தாள்களையும் அவர் முன் வரிசையாக வைத்தேன். அவர் முதல் தாளைப் பார்த்தார். கடைசித் தாளைப் பார்த்தார். துணி கையிலேயே இருந்தது.

"இத ஆருங்க உங்களுக்குச் சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்ணா."

முதல் தாளை மறுபடி கையில் எடுத்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"அஞ்சு வருசம் ஆச்சுங்க. சாமியாத்தாள்னு ஒரு அம்மா, கூட்டற வேலைக்கு வந்துட்டிருந்துச்சு. சனிக்கெழம ஹால்ல காச்சல்னு படுத்துருக்குது. ஆரும் பாக்காம பூட்டிப்போட்டாங்க. ஊட்டுல இருக்கறவங்க, உடுமலப்பேட்டைல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருச்சுன்னு இருந்துட்டாங்க. திங்கக்கெழம காலைல தொறந்தா, கதவோரமாக் கெடந்துச்சுங்க. கையெல்லாம் வீங்கி..."

"சத்தம் போடலீங்களா?"

"காச்சல்ல தொண்ட கட்டிருச்சாட்டம் இருக்குதுங்க. கதவத் தட்டியிருக்குது."

"ஆருக்கும் கேக்கலீங்களா?"

அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"எனக்குக் கேட்டுச்சுங்க. அந்த ஞாயித்துக்கெழம நானு இந்தப் படிலதான் உக்காந்திருந்தேன். காத்துல கதவு ஆடுதுன்னு நெனச்சுப்போட்டேன்."

"எத்தன மணி வரைக்கும் கேட்டுச்சுங்ணா?"

"ஆறுக்குப் பத்து நிமிசம் இருக்குமுங்க. அதுக்கப்பறம் கேக்கல."

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"ஹால் சாவி என்ற இடுப்புலதானுங்க இருந்துச்சு அம்மணி."

அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.